விளக்கேற்றாத நாட்கள்

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அம்மாளுக்கு, எந்த வீட்டில் எந்தப் பெண் எப்போது தூரமாக இருக்கிறாள் என்பது தெரியும். யாரும் அவரிடம் சொல்வதில்லை. காலையில் கூடையை இறக்கியதும் வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தால் போதும். சாமிக்குப் பூ வாங்க வழக்கமாக வருகிறவள் வராமல் வேறு யாராவது வந்தால் அதற்கு ஒரே காரணம்தான். போன மாசி மாதம் ஒருநாள், முழம் அளந்துகொண்டே அவர் என் மாமியாரிடம் கேட்டது முன்னறையில் பாயில் படுத்திருந்த என் காதில் விழுந்தது.

“இன்னாம்மா, பொங்கலு முடிஞ்சதுலேர்ந்து நீயேதான் பூ வாங்கிக்கினு இருக்க. மருமவ ஊர்ல இல்லியா?”

“இருக்கா, இருக்கா. உடம்பு சரியில்ல,” என்றார் அத்தை.

“இவ்ளோ நாளாவா?”

அத்தை சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். வெயில் ஏறிவிட்ட அந்த நேரத்தில் போர்வைக்குள் வியர்த்தது. ஆனாலும் வெளியே வர மனம் இல்லை.

என் பெயர் அரசி. வயது முப்பத்தெட்டு. மயிலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். கணவர் குமரேசன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருக்கிறார். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. ஓய்வு கிடைக்கும்போது எங்கள் வட்டாரத்து ஏரிகளும் மதகுகளும் எந்த ஆண்டில் கட்டப்பட்டன, எந்த மழையில் உடைந்தன என்று கேட்டும் படித்தும் எழுதிவருவது என் பழக்கம். ஒரு கூட்டத்தில் ஏரியில் உபரிநீர் வழியும் கலங்கு கட்டிய ஆண்டைத் தவறாகச் சொன்ன பேராசிரியரை எழுந்து திருத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் என் உடம்பின் நாட்களை மட்டும் எவரிடமும் சரியாகச் சொன்னதில்லை. மருத்துவர் கேட்டால்கூட “போன மாசம், நடுவுல” என்பேன். இந்தக் கட்டுரையையும் வேறு பெயரில் எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். அந்தக் கூச்சம்தான் என்னை மருத்துவமனைக் கட்டில்வரை கொண்டுபோனது. அதனால் என் பெயரிலேயே எழுதுகிறேன்.

தைராய்டு எனக்குத் தெரியவந்தது அந்த மாசிக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில். எதைச் செய்தாலும் அசதி. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. குரல் தடித்துப்போயிருந்தது. நூலகத்தில் மதிய வேளைகளில் மேசைமேல் தலை சாய்ந்துவிடும். திண்டிவனத்தில் எங்கள் குடும்ப மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

அவர் விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். கழுத்தின் முன்பக்கம், குரல்வளையை ஒட்டி, பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பிதான் தைராய்டு. உடம்பு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அதன் சுரப்பு தீர்மானிக்கிறது. சுரப்பு குறைந்தால் மூளையின் அடியில் இருக்கும் இன்னொரு சுரப்பி “வேலை செய், வேலை செய்” என்று அதை விரட்டும். அந்த விரட்டலின் அளவுதான் டி.எஸ்.எச். அதனால் அந்த எண் கூடக்கூட, தைராய்டு குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எனக்கு அது கூடியிருந்தது. குறைகிற சுரப்பை மாத்திரையாக வெளியிலிருந்து கொடுத்துவிட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் போட வேண்டும். காபிகூட அரை மணி நேரம் கழித்துத்தான். அனேகமாக ஆயுள் முழுவதும்.

“மறக்காம போடணும், அவ்ளோதான்,” என்றார் மருத்துவர்.

மறக்காமல் இருக்க வழி கண்டுபிடித்தது என் கணவர். எங்கள் வீட்டில் காலையில் நான் குளித்ததும் முதல் வேலை சாமி அறையில் விளக்கேற்றுவது. அதற்குப் பிறகுதான் அடுப்பு, காபி எல்லாம். “அப்ப மாத்திரைய அங்கயே வெச்சிடலாம். விளக்கு ஏத்தன கையோட ஒன்னு வாயில போட்டுக்கோ,” என்று சொல்லி, நூறு மாத்திரை கொண்ட அந்தச் சின்னப் பாட்டிலைச் சாமி அலமாரியில் எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நல்ல யோசனை என்று எனக்கும் பெருமையாக இருந்தது. சில மாதங்களில் அசதி விலகியது. முடி கொட்டுவது நின்றது.

அடுத்த ஆண்டு ஆவணியிலிருந்துதான் மாதவிலக்கு தடம் மாறத் தொடங்கியது. ஐந்து நாளில் நிற்பது ஒரு வாரமானது, பிறகு பத்து நாள் ஆனது. நின்று இரண்டு வாரம்கூட ஆகாமல் மறுபடி வந்தது. கட்டி கட்டியாகப் போனது. கறுப்பு, அடர் நீலம் தவிர வேறு நிறப் புடவை உடுத்துவதை விட்டேன். பையில் எப்போதும் ஒரு மாற்று உள்பாவாடை இருந்தது.

ஐப்பசியில் ஒரு மழை நாள். கல்லூரிக்குப் போகும் பேருந்தில் இறங்க எழுந்தபோது, பின் இருக்கையில் இருந்த பெண் ஒருத்தி என் தோளைத் தொட்டாள். நூலகத்துக்கு வந்துபோகும் மாணவி. “மேடம், ஒரு நிமிஷம்,” என்றவள், நான் திரும்புவதற்குள் தன் புத்தகப் பையை நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். பிறகு மெதுவாக, “நீங்க முந்தானைய இழுத்து விட்டுக்கினு இறங்குங்க மேடம். நான் துடைச்சிட்டு வர்றேன்,” என்றாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை அவள் புத்தகம் எடுக்க வரும்போதெல்லாம் நான் பின்பக்க அலமாரிகளுக்குப் போய் ஏதாவது அடுக்கிக்கொண்டிருப்பேன். உதவி நூலகர்தான் அவளுக்குப் புத்தகம் பதிந்து கொடுப்பார்.

வீட்டில் நிலைமை வேறுவிதம். தூரம் என்றால் எங்கள் வீட்டில் சமையலறைக்குப் போகலாம், சாமி அறைக்குள் போகக் கூடாது. படுக்கை முன்னறையில் பாயில். நின்றபிறகு தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பழையபடி. அதுவரை விளக்கேற்றுவது அத்தை. நான்கைந்து நாட்களுக்கு இது ஒரு சிரமமும் இல்லாத ஏற்பாடு. சொல்லப்போனால் அந்தக் காலைகளில் சற்றுக் கூடுதலாகத் தூங்கலாம், எழுந்ததும் நேராகக் காபி குடிக்கலாம் என்று எனக்குச் சந்தோஷம்கூட உண்டு. ஆனால் அது வாரக்கணக்கில் நீண்டபோது, வந்துபோகிறவர்கள் எல்லோருக்கும் முன்னறைப் பாய் கண்ணில் பட்டது. மகளின் தோழிகள் வந்தால் பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளுவேன்.

“இன்னும் நிக்கலியாடி?” என்று அத்தை தினமும் கேட்பார். கோபம் இல்லை, கவலைதான். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு ஊசி மாதிரி இருக்கும். “நிக்கப்போது அத்தை,” என்பேன்.

கார்த்திகையில் குடும்ப மருத்துவர் மறுபடி ரத்தம் பார்த்தார். டி.எஸ்.எச். ஏறியிருந்தது. தைராய்டு குறைந்தால் மாதவிலக்கு இப்படி ஆகலாம் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். தைராய்டு கூடினால் விலக்கு தள்ளிப்போவதும் குறைந்து போவதும் உண்டாம். குறைந்தால் பலருக்கு நாள் கூடும், போக்கு அதிகமாகும். சினைமுட்டை வெளிவருவது தடைப்படுகிறது, கர்ப்பப்பையின் உட்சுவர் உதிர வேண்டிய நேரத்தில் உதிராமல் தடித்துக்கொண்டே போய், பிறகு தாறுமாறாக உதிர்கிறது. ரத்தம் உறைவதும் மந்தமாகிறது. தைராய்டைச் சரிசெய்தால் பாதிப் பேருக்கு மேல் தானாகவே அடங்கிவிடும் என்றார்.

“மாத்திரை டெய்லி போடறீங்க இல்ல?”

“விளக்கேத்தன உடனே போட்டுடுவேன் சார். அப்புறந்தான் காபியே.”

“குட். அப்ப அளவைக் கூட்டிடலாம்,” என்று புதுப் பாட்டில் எழுதினார். அவர் கேட்டதில் குறை இல்லை. நான் சொன்னதிலும் பொய் இல்லை.

அளவு கூடிய பிறகும் போக்கு அடங்கவில்லை. பூக்காரம்மாள் கேட்ட அந்த மாசியில் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. ஒருநாள் நூலகத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். குடும்ப மருத்துவர் விழுப்புரத்தில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே காத்திருக்கும் கூடம் நீளமானது. மகப்பேறு மருத்துவரும் பெண்கள் நோய் மருத்துவரும் ஒருவரே என்பதால், ஒரு பக்கம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்கள், இன்னொரு பக்கம் எங்களைப் போன்றவர்கள். செவிலியர் கூடத்தின் நடுவில் நின்று கூப்பிடுவார். “அரசி! பிளீடிங் கேஸ் அரசி யாரும்மா?” சுற்றிலும் கணவர்கள், தம்பிகள், ஒரு போலீஸ்காரர். நான் எழுந்திருக்கச் சற்று நேரம் பிடித்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். உட்சுவர் தடித்திருந்தது. சிறு கட்டி ஒன்றும் இருந்தது, அது பொருட்படுத்தக்கூடியது அல்ல என்றார்கள். உட்சுவரிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இருக்கிறதா என்று பார்க்க. போக்கை நிறுத்த மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த முடிவு வரும்வரை என் கணவர் மண்டியை வேறொருவரிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். முடிவு நல்லபடியாக வந்தது. ஆனால் பன்னிரண்டாவது இருக்க வேண்டிய ரத்த அளவு ஏழுக்கு இறங்கியிருந்தது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

மருத்துவர் கட்டில் அருகில் வந்து பேசும்போது அத்தையும் இருந்தார்.

“மாத்திரைக்குக் கேக்க மாட்டேங்குது. ரத்தம் ஏத்திட்டு கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு நினைக்கிறேன். ஒரு பொண்ணு இருக்கால்ல? குழந்தை போதும்தான?”

“போதும் டாக்டரம்மா,” என்று அத்தை முந்திக்கொண்டு சொன்னார். “இனிமே இவளுக்கு இன்னா? அடுத்தது பேத்திக்குத்தான் பாக்கணும். நான்கூட எடுத்துட்டேன். எடுத்தப்புறந்தான் நிம்மதி.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

உண்மை வேறு. இரண்டு ஆண்டுகளாக நானும் கணவரும் இன்னொரு குழந்தைக்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தோம். மகள் பெரியவளாகி, அவளுக்கே மாதவிலக்கு வந்துவிட்ட வீட்டில், முப்பத்தெட்டு வயதில், எனக்கு இப்படி ஓர் ஆசை. இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், அவர் மகனோடு என் இரவுகளைப் பற்றிச் சொன்னதாகத்தானே ஆகும்? எடுக்க மனம் வரவில்லை என்று கணவரிடம் அன்று மாலை தனியாகச் சொன்னேன். “உன் உயிர்தான் முக்கியம் அரசி. அது போனா போவுது,” என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். எனக்குத்தான் மேலும் அழுகை வந்தது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை படுக்கை விரிப்பு முழுதும் நனைந்திருந்தது. மாற்ற ஆள் வர நேரமானது. அவர் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பொதுக் குளியலறைக்குப் போய், சோப்புப் போட்டுக் கசக்கி, பிழிந்து, சன்னல் கம்பியில் காயப் போட்டார். மண்டியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவர். வார்டில் இருந்த பெண்களெல்லாம் பார்த்தார்கள். “ஏங்க, விடுங்க, அவங்க வருவாங்க,” என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்துக்காரர் ஜரீனா அக்கா. அவருக்குக் கர்ப்பப்பையில் பெரிய கட்டிகள். எடுத்தே ஆக வேண்டும். கணவர் வளைகுடாவில். அவர் காணொளி அழைப்பில் வந்தால் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வார்டு முழுவதையும் காட்டுவார்.

“இங்க பாருங்க, பக்கத்து பெட்டு தங்கச்சிக்கு வூட்டுக்காரரே துணி தொவைச்சிக் குடுக்கறாரு. நீங்க அங்கேர்ந்து போன்ல ‘துவா செய்யறேன், துவா செய்யறேன்’ன்றீங்க.”

போனில் அந்த மனிதர் ஏதோ சொன்னார். அக்கா சிரித்தார். “இன்னாவாம்?” என்றேன். “அடுத்த பிளைட்ல சோப்பு அனுப்பறாராம்,” என்றார். பல வாரங்களுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். சிரித்ததில் உதிரம் பொங்கியது. உடனே அடக்கிக்கொண்டேன்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் பார்த்துத் தகுதி சொல்ல வேண்டும். என் வயதை ஒத்த பெண் மருத்துவர். அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்டியவர் தைராய்டு தாளில் நின்றார்.

“அளவ கூட்டியிருக்காங்க. கூட்டனா டி.எஸ்.எச். இறங்கணும். உங்களுக்கு இன்னும் ஏறியிருக்கு. இந்த நிலைமையில மயக்க மருந்து குடுத்தா நீங்க எழுந்திருக்கறதே கஷ்டம். மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?”

“போடறேன் மேடம்.”

“காபியோட?”

“இல்ல மேடம். வெறும் வயித்துல, தண்ணியில.”

“ரத்தத்துக்குக் குடுக்கற இரும்புச்சத்து மாத்திரையும் அதோட சேத்துப் போடறீங்களா? சேத்துப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல ஏறாது. நாலு மணி நேரம் இடைவெளி விடணும்.”

“அது மதியம் சாப்பாட்டுக்கப்புறந்தான் மேடம்.”

அவர் பேனாவால் தாளைத் தட்டினார். “அப்ப மாத்திரையிலயே கோளாறான்னு பாக்கணும். வீட்ல இருக்கற பாட்டில எடுத்துக்கினு வரச் சொல்லுங்க.”

கணவர் திண்டிவனம் போய் மாலைக்குள் கொண்டுவந்தார். மருத்துவர் கையில் வாங்கிப் பார்த்தார். மூடியின்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. பெயர்த்தாள் எண்ணெய்ப் பிசுக்கில் மங்கியிருந்தது. பாட்டில் கற்பூர வாசனை அடித்தது.

“இன்னாங்க இது? மாத்திரைக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க?”

கணவர் சிரித்தார். “சாமி அலமாரியில இருக்குது மேடம். இவ மறக்கக்கூடாதுன்னு நான்தான் அங்க வெச்சேன். எங்கம்மா வெள்ளிக்கிழமையானா அங்க இருக்கற எல்லாத்துக்கும் பொட்டு வெப்பாங்க. இதுக்கும் வெச்சிட்டாங்க.”

மருத்துவரும் சிரித்தார். பாட்டிலைக் காதருகே ஆட்டினார். சிரிப்பு நின்றது. “எப்ப வாங்கனது?”

“கார்த்திகையில,” என்றேன்.

“இப்ப பங்குனி. நூறு மாத்திரை எப்பவோ தீந்திருக்கணும். பாதிக்கு மேல அப்படியே இருக்குதே?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவரும் விழித்தார். மருத்துவர் மூடியில் இருந்த குங்குமத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சார், நீங்க ஒரு நிமிஷம் வெளிய இருங்க,” என்றார். அவர் போனதும் நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

“உங்க வீட்ல தூரம்னா சாமி ரூமுக்குள்ள போவீங்களா?”

“போகமாட்டேன் மேடம்.”

“அப்ப அந்த நாள்ல மாத்திரைய யார் எடுத்துக் குடுப்பாங்க?”

நான் அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தேன்.

அந்த நாட்களில் மாத்திரை போட வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. நான் மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. விளக்கேற்றினால் மாத்திரை என்பது என் கையின் பழக்கமாகிவிட்டது. விளக்கு இல்லாத காலையில் மாத்திரை என்ற நினைப்பே எழவில்லை. எழுந்தேன், காபி குடித்தேன், படுத்தேன். மருத்துவர்கள் “டெய்லி” என்று கேட்டபோது அந்த நாட்களை நான் நாட்களாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் மாதத்துக்கு நான்கைந்து நாள்தான் விடுபட்டது. அதை உடம்பு தாங்கியது. சுரப்பி மேலும் தளர்ந்தபோது விலக்கு நீண்டது. விலக்கு நீண்டதால் விளக்கேற்றாத நாட்கள் கூடின. அவை கூடியதால் மாத்திரை குறைந்தது. மாத்திரை குறைந்ததால் விலக்கு இன்னும் நீண்டது. கடைசியில் பொங்கலுக்குப் பிறகு நான் அந்த அலமாரிப் பக்கம் போனதே அபூர்வம். ஏரி எப்படி உடைந்தது என்று ஊர் ஊராகப் போய் விசாரிப்பவள் நான். எனக்குள் நடந்த இதை ஒருநாளும் கோத்துப் பார்க்கவில்லை.

மருத்துவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. “தப்பில்ல. எங்க வீட்லயும் அந்த மூணு நாள் சாமி ரூமுக்குப் போகமாட்டோம். ஆனா மாத்திரை பிரிட்ஜு மேல இருக்கும்,” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் வெள்ளை ஓடுகள். அதில் என் முகம் தெரிந்தது.

அவர், கர்ப்பப்பையை எடுக்கச் சொன்ன மருத்துவரிடம் பேசினார். இருவரும் சேர்ந்து சொன்னது இது. இப்போதைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம். போக்கை நிறுத்த வேறு மாத்திரை தருகிறோம். தைராய்டு மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் போட வேண்டும். அளவு ஏறியதா இறங்கியதா என்பது ரத்தத்தில் தெரிய ஆறேழு வாரம் ஆகும், விலக்கு தடத்துக்கு வர அதற்கும் மேல் ஆகலாம். ஆனி மாதம் வந்து காட்டுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வார்டுக்குத் திரும்பியபோது ஜரீனா அக்கா, “உனக்கு மட்டும் எப்படி வாணாம்னாங்க?” என்று கேட்டார். பாட்டில் மெத்தைமேல் கிடந்தது. மழுப்ப நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை. முழுவதையும் சொன்னேன். அக்கா கேட்டு முடித்துவிட்டுத் தாடையில் கை வைத்தார்.

“அந்த நாள்ல நாங்களுந்தான் தொழுவறதில்ல. அதுக்காவ வவுத்துக்கும் லீவு வுட்டுட்டமா இன்னா? நல்ல படிச்ச புள்ள போ நீ!”

எதிர்க் கட்டில் பெண் களுக்கென்று சிரித்தாள். எனக்குக் காது சூடானது. மறுநாள் காலை அக்காவை ஸ்டிரெச்சரில் கொண்டுபோனபோது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அவருக்கு நல்லபடியாக முடிந்தது.

மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தில், மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாததால் வந்தது என்று ஒரு வரி இருந்தது. காப்பீட்டுக்காக அந்தத் தாளைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. மடித்து, உறையில் போட்டு, உறையை ஒட்டிக் கொடுத்தேன். எழுத்தர் என் எதிரிலேயே கிழித்துப் படித்தார்.

வீட்டில் அத்தையிடம் கணவர்தான் சொன்னார். இரண்டு நாள் அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

“நான் எடுத்துத் தரமாட்டேன்னா சொன்னேன்?”

“இல்ல அத்தை.”

“ஒரு வார்த்த கேட்டிருந்தா கையில குடுத்திருக்க மாட்டேனா? பொட்டு வெக்கத் தெரிஞ்சவளுக்கு அதுல ஒன்னு எடுத்துக் குடுக்கத் தெரியாதா? ஊரு என்னைத்தான பேசும், மாமியாக்காரி மருமவள சாவடிச்சான்னு.”

“கேக்கணும்னு தோணவே இல்ல அத்தை.”

“தோணாது, தோணாது. புஸ்தகத்துல இருந்தாத்தான் உனக்குத் தோணும்,” என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினார். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. பாட்டிலை அவரே கொண்டுவந்து சமையலறைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வழக்கம் எதுவும் மாறவில்லை. அந்த நாட்களில் இப்போதும் நான் சாமி அறைக்குள் போவதில்லை. மாத்திரை மட்டும் நிற்பதில்லை.

சித்திரையில் இரண்டு முறை வந்து பயமுறுத்தியது. வைகாசியில் ஒரே முறை, ஒன்பது நாள். ஆனியில் ஐந்தாம் நாள் நின்றது. நம்பாமல் ஆறாம் நாளும் முன்னறையிலேயே படுத்தேன். ஏழாம் நாள் தலைக்குக் குளித்தேன்.

ஆனி கடைசியில் விழுப்புரம் போனபோது மண்டியில் வரத்து அதிகம் என்பதால் கணவர் வரவில்லை. அத்தைதான் துணை. டி.எஸ்.எச். சரியான அளவுக்குள் வந்திருந்தது. உட்சுவர் மெலிந்திருந்தது. ரத்த அளவு பதினொன்றைத் தொட்டிருந்தது. அன்று எடுக்கச் சொன்ன அதே மருத்துவர் என் கோப்பில் அறுவைச் சிகிச்சை என்று முன்பு எழுதியிருந்ததன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

“வேணாம். எடுக்க வேண்டிய அவசியமே இல்ல இப்ப,” என்றார். பிறகு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். “வயசு முப்பத்தெட்டுதான் ஆவுது. இன்னொரு குழந்தைன்னு எண்ணம் எதுனா இருக்கா? இருந்தா தைராய்டு அளவ இன்னும் இறுக்கமா வெக்கணும். அதான் கேக்கறேன்.”

அத்தை நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அவர் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

“இருக்கு மேடம்,” என்றேன்.

குரல் சத்தமாக வந்துவிட்டதோ என்று தோன்றியது. மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார், சிரிக்கவில்லை. இன்னும் மூன்று மாதம் இதே ஒழுங்கில் போட்டு, ரத்தத்தை மறுபடி பார்த்துவிட்டு, பிறகு முயற்சி செய்யுங்கள் என்றார். வயது காரணமாக உறுதி சொல்ல முடியாது என்றும், கரு தங்கினால் உடனே வந்து மாத்திரை அளவைக் கூட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அத்தை பக்கம் திரும்பவே இல்லை.

பேருந்தில் அத்தை சன்னல் ஓரம். விக்கிரவாண்டியில் வண்டி நின்று கிளம்பியதும் ஆரம்பித்தார்.

“அன்னிக்கு டாக்டரம்மா போதுமான்னு கேட்டப்ப நான்தான போதும்னேன். அப்ப உன் வாயில இன்னா கொழுக்கட்டயா இருந்திச்சு?”

“உங்க முன்னாடி எப்படி அத்தை சொல்றது?”

“இன்னிக்கு மட்டும் நான் ஊர்ல இல்லியா? பக்கத்துலதான குந்திக்கினு இருந்தேன்.” குரல் உயர்ந்தது. “ஆபரேசன் பண்ணியிருந்தா இன்னாடி ஆயிருக்கும்? எடுத்தத திருப்பி வெக்க முடியுமா? எம் புள்ளயாவது சொன்னானா? ரெண்டு பேரும் சேந்து என் வாயால சொல்ல வெச்சீங்களே, போதும்னு.”

அவர் கண் கலங்கியிருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. முன் இருக்கையிலிருந்து ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“மெதுவாப் பேசுங்க அத்தை. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். இன்னா இப்ப? திருடிட்டா போறோம்?” மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, முன் இருக்கைக்காரரிடமே நேராகச் சொன்னார். “எம் மருமவளுக்கு ஆபரேசன் வாணாம்னு சொல்லிட்டாங்கம்மா. அதத்தான் பேசிக்கினு வர்றோம்.”

“இன்னா ஆபரேசன்?” என்று அந்த அம்மாள் முழங்கையைக் கம்பியில் ஊன்றி முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

அத்தை என்னை ஒருமுறை பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. புடவைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே பார்த்தேன். அத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். திண்டிவனம் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.